விழுந்த இலங்கை எப்போ எழுந்திருக்கும்?

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்னுல, ஒரு லைன்ல மணிக்கு 100 ஜோடி வருதுன்னு வைங்க. ஆர்டர் 10 சதவீதம் குறைஞ்சா 90. அடுத்த வருஷம் 10 சதவீதம் கூடினா? 99 தான்.

இலங்கைக் கணக்கும் இதேதான். 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாதுன்னு அறிவித்தது. கையில் டாலர் இல்லை. பெட்ரோலுக்கு வரிசை, மருந்துத் தட்டுப்பாடு. அந்த வருஷம் உற்பத்தி 7.3 சதவீதம் சுருங்கியது, 2023-ல் இன்னும் 2.3. 2024-ல் 5 சதவீத வளர்ச்சி என்றதும் மீண்டாச்சுன்னு நானும் நினைச்சேன். 2021-ஐ 100 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்க: 92.7, 90.6, 95.1. மூணு வருஷம் ஆகியும் பழைய இடம் வரல.

விலைவாசியில் குழப்பம் இதைவிடப் பெருசு. 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தை ஒட்டி இருந்த பணவீக்கம், ஒரே வருஷத்தில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. விலை இறங்கியதா? இல்லை, ஏறும் வேகம்தான் குறைஞ்சது. (நம்ம டெரிவேட்டிவ் பாடம்தான்; செமஸ்டரோடு மறந்தாச்சு.) 100 ரூபாய்ப் பொருள் 170 ஆகி அங்கேயே நின்னா, பணவீக்கம் பூஜ்யம். சம்பளமும் அந்த அளவு ஏறும்வரை வீட்டுக்கு மீட்சி இல்லை. உலக வங்கிக் கணக்குப்படி 2024-லும் அங்கே ஏறத்தாழ நாலில் ஒருத்தர் வறுமையில்தான் இருந்தார்.