டெல்லிக்கு இன்டர்ன்ஷிப் வருகிறாயா? அக்கா சொல்வதைக் கேள்!

கோடை லீவில் டெல்லியில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசையா, தங்கச்சி? தம்பி, உனக்கும்தான். தாராளமாக வாருங்கள். ஆனால் விண்ணப்பம் போடும் முன் ஒன்றை யோசி: உன்னைச் சேர்த்துக்கொள்வதால் அந்தக் கம்பெனிக்கு என்ன லாபம்? இதற்குப் பதில் தெரிந்து வருகிற பிள்ளைகள்தான் உருப்படியாகக் கற்றுக்கொண்டு போகிறார்கள். இங்கே இன்டர்ன்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால், கம்பெனி பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எந்த ஆபீஸிலும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கிடக்கும் வேலைகள் இருக்கும். பழைய டெஸ்ட் ரீடிங்குகளை ஒழுங்குபடுத்துவது, தினமும் கையால் போடுகிற ரிப்போர்ட்டுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதுவது, ஒரே பம்ப் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்று மெயின்டனன்ஸ் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது. நிரந்தர ஊழியர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. முதல் வாரமே மேலதிகாரியிடம் போய், "சார், தள்ளிப்போட்ட வேலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டு ஒன்றை வாங்கிக்கொள். ஒன்று போதும், ஆனால் முழுசாக முடி. கடைசி வாரம், அடுத்து வருகிறவர் அதைத் தொடரும்படி நாலு பக்கம் எழுதிக் கொடு. ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த ரீடிங் சந்தேகமானது, எது பாதியில் நிற்கிறது எல்லாம் அதில் வரட்டும். பலரும் இதைச் செய்யாமலே கிளம்பிவிடுகிறார்கள். கம்பெனிக்கு நீ தரக்கூடியதில் பெரியது இதுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. அரை மணி நேர இன்டர்வியூவில் ஒருவரைப் பற்றி என்ன தெரியும்? இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்தால், தெரியாததைத் தெரியாது என்கிறாயா, தப்பு நேர்ந்தால் உடனே வந்து சொல்கிறாயா என்பதெல்லாம் புரிந்துவிடும். ஐ.ஐ.டி. டெல்லியில் டிசம்பர் 1 கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கும் முன்பே சிலர் கையில் பி.பி.ஓ. (கேம்பஸுக்கு முன்பே கிடைக்கும் வேலை உத்தரவாதம்) இருப்பது இப்படித்தான். உன்னைக் கவனித்துக்கொள்ளும் ஜூனியர் இன்ஜினியரும் அந்த இரண்டு மாதத்தில் நாலு பேரை நடத்தக் கற்றுக்கொள்கிறார்.

எங்கே முயலலாம்? என் முதல் சிபாரிசு, பூசாவில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். நம் நாட்டின் நேரத்தை அணுக் கடிகாரங்களால் காத்துவருவது அங்கேதான். அதன் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், ஆய்வகம் இருக்கும் சாலைக்கே அவர் பெயர். ஓர் அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கும் பழக்கம் அங்கே வந்துவிட்டால், எந்தத் துறைக்குப் போனாலும் உதவும். எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளுக்கு திமார்பூரில் டி.ஆர்.டி.ஓ.வின் திடநிலை இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. ரகசியம் இல்லாத பிரிவுகளில் மட்டும்தான் அனுமதிப்பார்கள். சிவில் என்றால் மதுரா ரோட்டில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம். இங்கெல்லாம் கல்லூரிக் கடிதம் முக்கியம். கோடைக்கு வர வேண்டுமென்றால் பொங்கல் முடிந்ததுமே வேலையை ஆரம்பி. ஏ.ஐ.சி.டி.இ. வழிகாட்டுதல்படி இன்ஜினியரிங் டிகிரி படிப்புக்குள் 600 முதல் 700 மணி நேரம் இன்டர்ன்ஷிப் இருக்க வேண்டும். அதைக் கடைசி வருஷத்துக்குச் சேர்த்துவைக்காதே.

பணம் கேட்டால் கவனம். சில பொதுத்துறை நிறுவனங்கள் பயிற்சிக் கட்டணம் வாங்குவதுண்டு. அது அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும். மற்றபடி, "டெபாசிட் கட்டு, சர்டிஃபிகேட் தருகிறோம்" என்று வாட்ஸ்ஆப்பில் சொல்கிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதே.

டிகிரி முடித்தும் வேலை அமையவில்லையா? அப்ரன்டிஸாகச் சேரலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரன்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். 2019 விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தன; அதில் பாதி மத்திய அரசின் பங்கு.

தங்குவதற்கு ஐ.ஐ.டி. பக்கம் கட்வாரியா சராய், பேர் சராயில் பி.ஜி. அறைகள் கிடைக்கும். நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே. மே, ஜூன் வெயில் 45 டிகிரியைத் தொடும், அதனால் மதிய வேளையில் வெளியே அலையாதே. தங்கச்சி, மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கானது. இந்தி தெரியவில்லையே என்று கூச்சப்படாதே, பத்து வாக்கியத்தோடு வண்டியேறு. மீதி இங்கே வந்துவிடும்.

இதை ஓக்லாவிலோ நொய்டாவிலோ தொழில் நடத்தும் நம் ஊர்க்காரர்கள் படித்தால், அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இன்டர்ன் பிள்ளைகளுக்கு ஸ்டைபண்ட் கொடுங்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்றால், டெல்லியில் வாடகை கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் உங்களிடம் வருவார்கள். தென்காசியிலோ தர்மபுரியிலோ இருக்கும் கெட்டிக்காரப் பெண் விண்ணப்பமே போட மாட்டாள்.