தானாக நகரும் ஸ்டிக்: கன்ட்ரோலரை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் ஆள் இடப்பக்கமாக நடந்துகொண்டே இருக்கிறாரா? இதற்குப் பெயர் டிரிஃப்ட். இதற்காக உடனே புதுக் கன்ட்ரோலர் வாங்க வேண்டாம். செலவில்லாத வழியில் தொடங்குங்கள். எந்தப் படியில் சரியாகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இங்கே சொல்வது பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4 கன்ட்ரோலருக்கு.

கோளாறு எங்கே?
ஒவ்வொரு ஸ்டிக்கின் அடியிலும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் உண்டு. ஒன்று மேல்-கீழ் அசைவையும் மற்றொன்று இட-வல அசைவையும் அளக்கும். உள்ளே கார்பன் தடத்தின் மேல் மெல்லிய உலோக நாக்கு உரசியபடி நகரும். தூசு படிந்தாலோ தடம் தேய்ந்தாலோ நடுப்புள்ளி பிசகிவிடும்.

தேவையானவை
சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ட்வீசர், பட்ஸ், 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பிளாஸ்டிக் அட்டை.

1. முதலில் சோதியுங்கள்
கன்ட்ரோலரின் பின்புறம் எல்2 பட்டன் அருகே ஊசித் துளை ஒன்று இருக்கும். அதற்குள் குண்டூசியால் சில நொடிகள் அழுத்தினால் ரீசெட் ஆகும். பிறகு விண்டோஸ் கணினியில் இணைத்து, 'ரன்' பெட்டியில் ஜாய்.சிபிஎல் என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். ஸ்டிக்கைத் தொடாதபோதும் குறி நடுவில் நிற்காவிட்டால், எந்தத் திசையில் விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. திறங்கள்
பின்புறத்தில் 4 ஸ்க்ரூக்கள். அவற்றைக் கழற்றி, கைப்பிடிப் பக்கத்திலிருந்து அட்டையால் மெல்லப் பிரியுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம்: இரு பாதிகளையும் ரிப்பன் கேபிள் ஒன்று இணைத்திருக்கும். எல்2, ஆர்2 ஸ்பிரிங்குகளும் துள்ளி ஓடும். ரிப்பனையும் பேட்டரி கனெக்டரையும் கழற்றுங்கள். லித்தியம் பேட்டரியில் கூர்மையான எதுவும் படக்கூடாது. பிறகு போர்டைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூவை எடுத்து, டச்பேட் ரிப்பனையும் விடுவியுங்கள்.

3. சுத்தம் செய்யுங்கள்
ஸ்டிக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய பிளாஸ்டிக் பெட்டிதான் பொட்டென்ஷியோமீட்டர். விலகும் திசைக்கு உரியதன் மூடியை ட்வீசரால் நெம்பினால், சிறு வட்டும் கருப்புத் தடமும் தெரியும். ஆல்கஹால் தொட்ட பட்ஸால் தடத்தைத் துடையுங்கள். உலோக நாக்கை வளைத்துவிடாதீர்கள். நன்றாக உலர்ந்த பின் மூடுங்கள். தடத்தில் தேய்ந்த கோடு தெரிந்தால், துடைத்ததன் பலன் நெடுநாள் நிற்காது.

4. பட்டன் வேலை செய்யவில்லையா?
பட்டன்களின் ஃபிலிமும் போர்டும் சந்திக்கும் இடத்தில் சிறு பஞ்சுத் துண்டு உண்டு. அது அமுங்கிவிட்டால் தொடர்பு விட்டுப்போகும். பஞ்சின் அடியில் இன்சுலேஷன் டேப்பை மடித்து வைத்தால் ஃபிலிம் மீண்டும் அழுந்தும்.

5. தரம் உயர்த்த விரும்பினால்
தேய்ந்த ஸ்டிக்குக்குப் பதில் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போடலாம். காந்தத்தைக் கொண்டு நிலையை அறிவதால் தேய்வதற்குக் கார்பன் தடமே இல்லை. ஆனால் பழையதன் 14 கால்களிலும் உள்ள ஈயத்தை எடுக்க வேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையை மட்டும் செல்போன் ரிப்பேர் கடையில் கொடுப்பதே நல்லது. மாற்றிய பிறகு மென்பொருளில் நடுப்புள்ளியைக் காலிபரேட் செய்ய வேண்டும்.

6. மூடும் முன்
பேட்டரியையும் ரிப்பன்களையும் இணைத்து, ஸ்க்ரூ போடாமலே முதல் படியின் சோதனையை மீண்டும் செய்யுங்கள். குறி நடுவில் நின்றால் 4 ஸ்க்ரூக்களையும் முடுக்கலாம். அளவுக்கு மீறி முடுக்கினால் பிளாஸ்டிக் மரை போய்விடும்.