கோட்டையின் பேண்டு இசையும் மணலி தந்த பாட்டும்

பத்தாம் வகுப்பு மாணவி

மணலி என்றவுடன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதன் உயர்ந்த புகைபோக்கிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், கர்நாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) தம் இளமையில் வாழ்ந்த ஊர் அது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவருடைய தந்தை இராமசுவாமி தீட்சிதரை மணலி முதலியார் குடும்பத்தினர் அழைத்து வந்து ஆதரித்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷிகளாக இருந்த அவர்களுக்குக் கோட்டையில் நல்ல செல்வாக்கு இருந்தது. சின்னையா முதலியார் தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, ஆங்கிலப் படையின் பேண்டு இசையைக் கேட்கச் செய்தார் என்பர். தம்பி பாலுசுவாமி வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அண்ணனோ, கேட்ட மெட்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டு அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவையே 'நோட்டுசுவரங்கள்'. 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஏறத்தாழ 40 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' என்பது ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டில் அமைந்தது.

இவை சங்கராபரண இராகத்தில் அமைந்தது ஏன்? மேலைநாட்டாரின் 'மேஜர்' சுர வரிசையும் நம் சங்கராபரணமும் ஒரே ஏழு சுரங்களைக் கொண்டவை. படை எக்காளத்தைக் கொண்டே இதை ஓரளவு விளக்கலாம். வால்வு பொருத்திய டிரம்பெட் 1810களில்தான் ஐரோப்பாவில் தோன்றியது. அதற்கு முன், ஊதுபவர் உதட்டை இறுக்கியும் தளர்த்தியுமே சுரங்களை மாற்றினார். அவ்வாறு எளிதில் பிறப்பவை ச, க, ப என்னும் மூன்று சுரங்கள். மூன்றும் சங்கராபரணத்தில் உள்ளவையே! மற்றச் சுரங்களைப் பேண்டின் பிற கருவிகள் நிரப்பின.

நோட்டுசுவரங்களில் கமகம் மிகக் குறைவு. ஒவ்வொரு சுரமும் நேராக நிற்கும். எனவே இன்றும் இசை பயிலத் தொடங்கும் சிறுவர் சிறுமியருக்கு இவற்றைக் கற்பிக்கின்றனர்.

பேண்டு வாத்தியம் அந்நிய இசை, வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவோர் உண்டு. மாமேதை ஒருவர் அதை அவ்வாறு ஒதுக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டார், நல்லதை எடுத்துக்கொண்டார். ஆகவே தோழியரே, இராயபுரத்துத் தெருக்களில் திருவிழாத் தேருக்கு முன்னே டிரம்பெட் ஊதிச் செல்பவரைக் காணும்போது, சற்று நின்று கேளுங்கள். அவர் கையிலுள்ள கருவிக்கும் நம் வடசென்னைக்கும் இருநூறு ஆண்டு உறவு உண்டு.