அரிய காசும் அச்சு வேறுபாடும்

இளமையில் காசு சேர்த்தோர் நம்மிற் பலர். ஓட்டைக் காலணாவையும் பிறநாட்டுச் செப்புக் காசையும் தகரப் பேழையில் இட்டு வைத்து, கல்வியும் தொழிலும் நெருக்கியபொழுது அதனை மறந்துவிடுதல் இயல்பே. ஆண்டுகள் பல கழிந்தபின் அப்பேழையை மீளத் திறப்போர்க்கு அத்தொழில் முன்னினும் சுவையுடையதாகும். சிறுவன் நாட்டிற்கொன்று, ஆண்டிற்கொன்று என எண்ணிக்கை பெருக்குவான். அறிவு முதிர்ந்தவனோ ஒரே ஆண்டில் வெளிவந்த ஒரே மதிப்புள்ள இரு காசுகளை அருகருகே வைத்து, அவை எங்ஙனம் வேறுபடுகின்றன என்று ஆராய்வான். அவ்வாராய்ச்சிக்குரிய சில முறைகளை ஈண்டுக் கூறுவோம்.

காசில் காணும் வேறுபாடு மூவகைப்படும். நாணயம் அடிக்கும் அக்கசாலையார் தாமே கருதிச் செய்வது ஒன்று. அக்கசாலையினுள் தவறி நிகழ்வது ஒன்று. காசு வெளிப்போந்த பின்னர்ப் பிறர் கையால் விளைவது ஒன்று. முன்னிரண்டும் ஆராயத்தக்கன. மூன்றாவது வெறுஞ் சேதமேயாம்.

முதல்வகைக்கு எளிய சான்று இக்கால இந்திய நாணயங்களின் ஆண்டெண்ணுக்குக் கீழுள்ள சிறு குறியாகும். மும்பையில் அடித்தது சாய்சதுரமும், ஐதராபாத்தில் அடித்தது பெரும்பாலும் விண்மீனும், நொய்டாவில் அடித்தது புள்ளியும் பெற்றிருக்கும். கொல்கத்தாக் காசிற்குக் குறியில்லை. இதனினும் புகழ்பெற்ற சான்று 1911-ஆம் ஆண்டின் வெள்ளி ரூபாய். அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அணிந்த விருதுச் சங்கிலியில் ஒரு சிறு யானை உண்டு. துதிக்கை குறுகியமையால் அது பன்றிபோலத் தோன்றிற்று. இசுலாமிய மக்கள் அதுகண்டு மனம் புண்பட்டனர். அரசாங்கத்தார் அந்நாணயத்தை நிறுத்தி, வெளியிடாதவற்றை உருக்கிவிட்டு, 1912-இல் துதிக்கையை நன்கு விளங்கத் திருத்தி வெளியிட்டனர். அடித்தவை ஏறத்தாழ 94 இலட்சம். வெளிச்சென்றவை 7 இலட்சமே என்பர். நெல்மணியினும் சிறிய ஓர் உருவம் ஒரு நாணயத்தையே அரியதாக்கிற்று.

இரண்டாம் வகையை அறிதற்குக் காசு பிறக்கும் முறையை அறிதல் வேண்டும். உலோகத் தகட்டினின்று வட்ட வில்லைகளை வெட்டி, ஒவ்வொன்றையும் மேலச்சிற்கும் கீழச்சிற்கும் இடையே வைத்து அழுத்துவர். ஒருபுறம் தலையும் மறுபுறம் பூவும் பதியும். அச்சில் பிளவு உண்டாயின் உலோகம் அப்பிளவினுள் ஏறும்; ஆதலின் காசில் மேடான கோடு தோன்றும். வெளியே கீறுண்ட காசிலோ கோடு பள்ளமாயிருக்கும். மேடோ, பள்ளமோ என்னும் இவ்வொரு வினாவே பல ஐயங்களைத் தீர்க்கும். அடித்த காசு அச்சினின்று நீங்காது ஒட்டிக்கொள்ளின், அடுத்த வில்லையில் அதன் உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். வில்லை வெட்டுங் கருவி முன்னர் வெட்டிய துளையின்மேற் சற்றே ஏறின், காசின் விளிம்பில் பிறைபோன்ற குறை நிற்கும். அக்குறைக்கு நேரெதிரே விளிம்பின் மேடு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அரத்தால் அராவிய போலியில் இவ்வடையாளம் காணப்படாது.

மூன்றாம் வகையிலே வஞ்சமும் புகுதலுண்டு. இருபுறமும் தலையுள்ள காசென்று விற்கப்படுவன பெரும்பாலும் இரு காசுகளைக் குடைந்து பொருத்தியனவே. விளிம்பின் உட்புறத்துப் பொருத்துவாயும் எடையும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். பழைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். விலை கொடுக்குமுன் நிறுத்துப் பார்க்க. வஞ்சமின்றியும் கேடு விளைதல் உண்டு. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிய காசு பளபளக்கும். ஆயின் நுண்கோடுகள் தேய்ந்து, அது கூறவேண்டிய சான்று அழிந்துபோம்.

டென்மார்க்கு நாட்டினின்று வந்து வேலூரில் ஊழியம் செய்த லோவெந்தால் பாதிரியார், திருநெல்வேலிச் சீமைக் காசுகளைப் பற்றி 1888-இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். தேய்ந்த சிறு செப்புக் காசுகளையும் அவர் வரலாற்றுச் சான்றாக மதித்தார். கடைத்தெருவில் எடைக்குப் போடப்படும் செம்பு, பொறுமையுடையார் கையில் ஏடாகும் என்பதற்கு அவர் உழைப்பே சான்று.

மாணவ நண்பர்களே, பழைய மாணவர்களே! பத்து வெள்ளிக் காசுகளில் ஒன்றை இழந்த பெண் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிய உவமையை நாம் அறிவோம். நமக்கும் வேண்டுவன ஒளியும் பொறுமையுமே. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும், பக்கத்தினின்று சாய்ந்து விழும் விளக்கொளியும், ஒரு குறிப்பேடும் போதும். வேறுபாடொன்று கண்டால், அதன் விலையை வினவுமுன், அஃது எவ்வாறு தோன்றிற்று என்று குறிப்பேட்டில் எழுதுக. அவ்வாறு எழுத இயலாதபொழுது, பொருள் கொடுத்து வாங்காது விடுக.