விவசாயியின் வீட்டுப் பட்டறை
வண்டிக் கொட்டகையை ஒட்டிப் பட்டறை அமைக்கும் முறை

நெற்பயிர் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் நிற்கின்றது. கிணற்றில் தண்ணீர் இருக்கின்றது, மின்சாரமும் வருகின்றது. ஆனால் பம்பு தண்ணீரை இழுக்கவில்லை. குழாயின் அடியிலுள்ள புட்வால்வின் தோல் தேய்ந்துவிட்டதே அதற்குக் காரணம். அந்தத் தோலின் விலை சொற்பம்; அதை மாற்ற ஒரு முற்பகல் போதும். ஆயினும் வீட்டில் பைப் ரிஞ்சு இல்லை. குழாயைப் பிடித்துத் திருக வைஸ் இல்லை. நகரத்திலிருந்து ஆள் வந்து சேர மூன்று நாட்கள் ஆகின்றன. நெல்லுக்குத் தண்ணீர் மிகவும் வேண்டியிருக்கும் பருவம் அதுவே. அந்த மூன்று நாட்களின் நஷ்டம் களத்தில் பதராகத் தெரியும்.

இத்தகைய நிலை எந்த விவசாயிக்கும் நேரக்கூடியது. முற்காலத்தில் ஏரும் கவலையும் பழுதுற்றால் ஊர்த் தச்சரும் கொல்லரும் அன்றைக்கே சீர்செய்து தந்தனர். 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கோவை வட்டாரக் கிணறுகளில் மின்சாரப் பம்புகள் பரவின. இன்று பவர் டில்லர், விசைத்தெளிப்பான், டிராக்டர், களை எடுக்கும் கருவி என்று கிராமத்தில் இயந்திரங்கள் பெருகியிருக்கின்றன. இயந்திரம் வந்த வேகத்தில் அதைப் பேணும் இடம் வரவில்லை. அந்தக் குறையைப் போக்கும் வழிகளில் ஒன்று, ஏற்கெனவே உள்ள வண்டிக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிச் சிறு பட்டறை அமைத்துக்கொள்வதாகும். அதைத் திட்டமிடும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

1. முதலில் வேலையைக் கணக்கிடுக

பட்டறை கட்ட நினைப்பவர் முதலில் செங்கல்லுக்கு விலை கேட்பது வழக்கம். அது சரியான தொடக்கமன்று. சென்ற ஓராண்டில் எந்தெந்தக் கருவி எத்தனை முறை பழுதாயிற்று, அதற்கு எத்தனை நாட்கள் வீணாயின, கூலி என்ன ஆயிற்று என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பின்னர் அவ்வேலைகளை இரு வகையாகப் பிரிக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை: புட்வால்வுத் தோலும் பம்பின் கிளாண்டுக் கயிறும் மாற்றுதல், தெளிப்பானின் வாஷர் மாற்றுதல், பெல்ட்டை இறுக்குதல், எண்ணெய் மாற்றிக் கிரீஸ் இடுதல், மண்வெட்டிக்குக் காம்பு போடுதல், அரிவாள் தீட்டுதல், கலப்பைக் கொழுவின் போல்ட்டுகளை மாற்றுதல் ஆகியன.

வெளியில் செய்ய வேண்டியவை: மோட்டாருக்குக் காயில் கட்டுதல், நீர்மூழ்கி மோட்டாரைப் பிரித்தல், அச்சுகளைக் கடைசல் பிடித்தல், டீசல் இயந்திரத்தின் எரிபொருள் பம்பைச் சீர்செய்தல் ஆகியன.

இரும்பு பிடித்த கை சும்மா இராது என்பார்கள். கருவி கையில் இருக்கின்றது என்பதற்காக, அறியாத இயந்திரத்தைப் பிரித்துப் போடுவது நஷ்டத்தை இரட்டிப்பாக்கும். எந்த வேலையைச் செய்வதில்லை என்று தீர்மானித்த பின்னரே பட்டறையின் அளவு தெளிவாகும்.

2. இடமும் அளவும்

நடுத்தர டிராக்டர் ஒன்று ஏறக்குறைய 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. பின்னால் பூட்டும் கலப்பைக்கு 3 அடியும், முன்னால் ஆள் நின்று வேலை செய்ய 3 அடியும் சேர்த்தால் நீளம் 18 அடி ஆகும். இருபுறமும் மும்மூன்று அடி விட்டால் அகலம் 12 அடி ஆகும். டிராக்டர் வைத்திருப்போருக்கு இந்த 18-க்கு 12 அடிக் கொட்டகை போதுமானது. அதன் நீளவாட்டில் 8 அடி அகலத்துக்கு ஒரு சாய்ப்பு இறக்கினால் அதுவே பட்டறையாகும். டிராக்டர் இல்லாதவர்களுக்கு 10-க்கு 8 அடி இடமே போதும்.

சாய்ப்பு கொட்டகையின் வடபுறம் அமைவது நலம். வடக்கு ஜன்னலின் வழியே வரும் வெளிச்சம் ஆண்டின் பெரும்பகுதியில் கண்ணைக் கூசச் செய்யாமல் சீராக இருக்கும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் உள்ளே வராதபடி ஜன்னலுக்கு மேல் இரண்டடித் தாழ்வாரம் விட வேண்டும்.

சாணைக்கல்லிலிருந்தும் வெல்டிங்கிலிருந்தும் பறக்கும் தீப்பொறி வைக்கோற்போரை எட்டக்கூடாது. ஆகவே போர் இருக்கும் பக்கத்துக்கு வாயில் வைக்கலாகாது. காற்று பட்டறையிலிருந்து போரை நோக்கி வீசும் இடமும் கூடாது. கிணற்றுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அருகில் பட்டறை அமைவதும் தவறு. கழிவெண்ணெய் மண்ணில் இறங்கினால் கிணற்றுத் தண்ணீர் கெடும்.

3. சாய்ப்பு இறக்கும் விதம்

பழைய சுவரோடு புதிய கட்டடம் சேரும் இடத்திலேதான் பெரும்பாலான சாய்ப்புகள் கெடுகின்றன. பழைய அஸ்திவாரம் மண்ணில் அமிழ்ந்து நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமிழும். இரண்டையும் செங்கல் கோத்துப் பிணைத்தால் இரண்டாம் ஆண்டிலேயே விரிசல் காணலாம். ஆகவே புதிய சுவரைப் பழையதோடு பிணைக்காமல் நேர்க்கோடாக இடைவெளி விட்டுக் கட்டுவதே முறை. பழைய சுவர் மண்சுவராயின் அதன்மேல் உத்தரத்தைத் தாங்க வைக்கலாகாது. சுவரை ஒட்டித் தனித் தூண்கள் நட்டு அவற்றின்மேல் வைக்க வேண்டும்.

கூரைக்கு எது ஏற்றது என்பதைச் சாய்மானமே முடிவு செய்யும். தகரக் கூரைக்கு நாலடிக்கு ஓரடிச் சாய்மானம் போதும். கொட்டகைச் சுவரில் 9 அடி உயரத்தில் தொடங்கினால், 8 அடி தள்ளி வெளிச்சுவரில் 7 அடி உயரம் கிடைக்கும். ஆள் தாராளமாக நிற்கலாம். மங்களூர் ஓட்டுக்கு இரண்டடிக்கு ஓரடியாவது சாய்மானம் வேண்டும். அதே 9 அடியில் தொடங்கினால் வெளிச்சுவர் 5 அடிதான் இருக்கும், தலை இடிக்கும். ஆகவே பழைய சுவர் 11 அடிக்கு மேல் உயரமாக இருந்தாலன்றி இந்த அகலத்துக்கு ஓடு பொருந்தாது. தகரம் வெயிலில் காயும் என்பது உண்மையே. மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, சுவரின் உச்சியில் ஓரடி வலைக்கம்பி இடைவெளி விட்டால் வெப்பம் பெரிதும் தணியும். தீப்பொறி பறக்கும் இடத்துக்குக் கீற்றுக் கூரை ஆகவே ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது; அதைத் தவிர்ப்பதே நன்று.

தரைமட்டம் வெளிநிலத்தைவிட ஒன்றரை அடி உயர்ந்திருக்க வேண்டும். டிராக்டர் நிற்கும் பகுதிக்கு 6 அங்குலமும், பட்டறைப் பகுதிக்கு 4 அங்குலமும் கான்கிரீட் போடலாம். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாயிலை நோக்கிச் சரிவு கொடுத்தால் கழுவிய நீர் தேங்காது.

4. வேலை மேசை

மேசையே பட்டறையின் உயிர்நிலை. 6 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டு அங்குலக் கனமுள்ள புளி அல்லது வாகைப் பலகை போதும். நாலு அங்குல வைஸை மேசைக் காலுக்கு நேர்மேலே போல்ட் போட்டு இறுக்க வேண்டும். நடுப்பலகையில் வைத்தால் சுத்தியல் அடியில் பலகை அதிரும். மேசையின் உயரத்துக்கு எளிய கணக்கு உண்டு. வேலை செய்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், வைஸின் தாடை அந்த முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் முதுகு வலிக்கும். உயர்ந்தால் அரத்துக்கு அழுத்தம் கிடைக்காது.

5. கருவிகளை மூன்று தவணைகளில் வாங்குக

முதல் ஆண்டு: 6 மில்லிமீட்டர் முதல் 32 மில்லிமீட்டர் வரையுள்ள ஸ்பானர் செட்டு, பைப் ரிஞ்சு இரண்டு, சுத்தியல், உளி, திருப்புளிகள், கட்டிங் பிளேயர், அரங்கள், ஹாக்ஸா பிரேம், கிரீஸ் கன், எண்ணெய்க் குப்பி, மின்சார டெஸ்டர். பைப் ரிஞ்சு இரண்டு வேண்டும் என்பதை மறத்தலாகாது. ஒன்று குழாயைப் பிடிக்க, மற்றொன்று திருக. ஹாக்ஸா பிளேடின் பற்கள் முன்னோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். மெல்லிய தகட்டுக்கு நெருங்கிய பல்லுள்ள பிளேடும், கனத்த இரும்புக்கு அகன்ற பல்லுள்ள பிளேடும் ஏற்றவை.

இரண்டாம் ஆண்டு: 13 மில்லிமீட்டர் துளையிடும் மின்கருவி, 6 அங்குலச் சாணை இயந்திரம். சாணைக்கல்லை மாட்டுமுன் ஒரு மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். மணியோசை போல் ஒலித்தால் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் விரிசல் உண்டு. கல்லுக்கும் அதன் முன்னுள்ள தாங்கிக்கும் இடைவெளி எட்டில் ஓர் அங்குலத்தை மீறக்கூடாது. இயந்திரத்தை ஓட்டியதும் ஒரு நிமிடம் ஓரமாக நின்று, பின்னரே வேலை தொடங்க வேண்டும். கண்ணாடி அணியாமல் ஒருமுறையும் சாணை பிடித்தலாகாது. இரும்புத்துகள் ஒன்று போதும், கண் பார்வை போய்விடும்.

மூன்றாம் தவணையே வெல்டிங் இயந்திரம். தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பயிற்சி ஓராண்டுக் காலம் நடைபெறுகின்றது. குடும்பத்தில் ஒருவர் அப்பயிற்சியைப் பெற்ற பின்னரே இதை வாங்குவது உசிதம்.

வாங்கிய கருவிகளைப் பெட்டியில் குவித்து வைக்காமல், சுவரில் பலகை அடித்து ஒவ்வொன்றுக்கும் ஆணி வைத்து, பின்னால் அதன் உருவத்தை வண்ணத்தால் வரைந்துவிட வேண்டும். மாலையில் வெறும் உருவம் தெரிந்தால், எந்தக் கருவி வயலில் கிடக்கின்றது என்பது அப்போதே விளங்கும். இரவல் கொடுப்பவர்கள் ஒரு சிறு ஏட்டில் பெயரும் தேதியும் எழுதிக்கொள்வது நட்புக்கும் நல்லது, கருவிக்கும் நல்லது.

6. மின்சாரமும் உயிர்ப் பாதுகாப்பும்

பட்டறைக்கென மெயின் பலகையிலிருந்து தனி இணைப்பு இழுக்க வேண்டும். 16 ஆம்பியர் பிளக்குக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தக்கது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சை அவசியம் பொருத்த வேண்டும். ஆயினும் அது எர்த்துக்கு மாற்றாகாது. குறைந்தது இரண்டரை மீட்டர் நீளமுள்ள நாகமுலாம் பூசிய குழாயைச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளிப் புதைத்து எர்த்து அமைத்து, கோடையில் அதற்கு நீர் ஊற்றிவர வேண்டும். மூன்று முனைப் பிளக்கில் தடித்த முனையே எர்த்து. அதை ஒடித்துவிட்டு இரண்டு முனைத் துளையில் செருகுவது, தன் உயிர்க்காவலைத் தானே வெட்டுவதற்கு ஒப்பாகும்.

விவசாயப் பம்புசெட்டுக்குத் தரப்பட்ட மின் இணைப்பிலிருந்து பட்டறைக்கு மின்சாரம் எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி முறையற்ற உபயோகமாகும். வீட்டு இணைப்பிலிருந்து எடுத்துப் பிறருக்குக் கூலிக்கு வேலை செய்வதும் பொருந்தாது. கூலி வேலை செய்ய விரும்புவோர் மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்து உரிய இணைப்புப் பெற வேண்டும்.

மூடிய அறையில் எந்த இயந்திரத்தையும் ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உணருமுன்னரே மயக்கி உயிரைப் போக்கிவிடும். கிணற்றின் உள்ளே இயந்திரத்தை இறக்கி ஓட்டுவதும் இதனால்தான் பேராபத்தாகின்றது.

வாயிலருகே இரண்டு வாளி மணல் இருக்க வேண்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். தீப்புண் பட்டால் இருபது நிமிடங்கள் ஓடும் குளிர்ந்த நீரில் பிடித்து, பின்னர் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பூச்சிமருந்துகளை இவ்வறையில் வைத்தலாகாது. வேலை முடிந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

7. பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனத்துக்கு

சாய்ப்பு இறக்குவதும் கட்டடப் பணியே. ஊராட்சியின் அனுமதி பெறாமலும், தெருப் புறம்போக்கிலோ கழிவுநீர்க் கால்வாயின்மீதோ நீட்டியும் கட்டக்கூடாது. கட்டிய பின் இடிக்கச் சொல்வதைவிட, கடைக்கால் தோண்டுமுன் எடுத்துரைப்பதே உறுப்பினரின் கடமை. தொழிலாகவே இயந்திரம் நிறுவ விரும்புவோருக்கு 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அனுமதி தேவை என்பதையும் விளக்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் கருவியும் இருக்க வேண்டியதில்லை. ஆழக் கிணற்றுக் குழாயைத் தூக்கும் சங்கிலிக் கப்பியும் முக்காலியும் ஆண்டில் ஓரிரு முறையே ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படும். அவற்றை ஐந்தாறு விவசாயிகள் கூட்டாக வாங்கி ஒருவர் பட்டறையில் வைத்துக்கொள்ளலாம். எஞ்சியவற்றுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரின் ஆலோசனையை நாடலாம். ஐ.டி.ஐ. படித்த இளைஞர் கிராமத்தில் இருப்பின், அவரைக் கொண்டு மாதம் ஒருமுறை பம்பு பேணும் முறையைச் செய்து காட்டச் செய்வது, பல கூட்டங்களில் பேசுவதைவிடப் பயன் தரும்.

பட்டறை கட்டி முடிந்த பின்னும் முதலில் எழுதிய தாளைத் தூக்கி எறியாதீர்கள். ஓராண்டு கழித்து அதே கணக்கை மீண்டும் எழுதிப் பாருங்கள். பழுதால் நின்ற நாட்கள் குறைந்திருந்தால் பட்டறை தன் விலையைத் திருப்பித் தரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. சென்ற போகத்தில் உங்கள் பம்பு எத்தனை நாட்கள் நின்றது? அவற்றுள் வீட்டிலேயே தீர்த்திருக்கக்கூடியவை எவை?

2. உங்கள் கொட்டகைச் சுவரின் உயரத்தை அளந்து, எந்தக் கூரை பொருந்தும் என்று கணக்கிடுக.

3. உங்கள் வீட்டு எர்த்துக் குழிக்குக் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றப்பட்டது?

4. உங்கள் தெருவில் கூட்டாக வாங்கத்தக்க கருவிகள் எவை? அவற்றை யார் பொறுப்பில் வைப்பது?