வண்டிச் சேர்விஸ்: எதை நாமே செய்யலாம், எதைக் கராஜில் கொடுக்க வேண்டும்?

இந்தப் பாடம் யாருக்கு?

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் வீட்டை விட்டு வெளியேறி, இப்போது தோட்டத்துக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு. குறிப்பாக, ஓர் ஆட்டோவையோ மோட்டார் சைக்கிளையோ நம்பி வாழும் குடும்பங்களுக்கு. வண்டி பல வாரங்கள் ஓடாமல் நின்றிருக்கும். லீசிங் தவணை மட்டும் நிற்காமல் ஏறியிருக்கும். கையில் காசு குறைவான இந்த நேரத்தில் ஏஜென்சி சேர்விஸுக்குக் கொடுப்பதா, ஊர்க் கராஜில் விடுவதா, நாமே செய்வதா என்பதைத் தெரிந்து முடிவெடுக்க இந்தப் பாடம் உதவும்.

1. வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்

வண்டிக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் சாவியைத் திருப்ப வேண்டாம், தள்ளியும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது அதைச் சுற்றினால், தண்ணீர் அழுங்காததால் உள்ளே இருக்கும் கம்பி வளையும், பிஸ்டன் உடையும். ஒயில் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, எஞ்சின் பிரிக்கும் செலவாகிவிடும்.

முதலில் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்பது தெரியும்படி படம் எடுங்கள். பற்றரி வயரைக் கழற்றுங்கள். முழுக் காப்புறுதி இருந்தால், அதில் இயற்கை அனர்த்தமும் அடங்குமா என்று கேட்டு, கழுவுவதற்கு முன்பே கம்பனிக்கு அறிவியுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. ஒயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த வண்டியைக் கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோவதே சரி.

தண்ணீர் படாமல் சும்மா நின்ற வண்டி என்றால் பயம் குறைவு. டயர் காற்று, பற்றரி, எலி கடித்த வயர் ஆகியவற்றைப் பாருங்கள். பல மாதங்கள் தாங்கியில் கிடந்த பெற்றோலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள்.

2. ஏஜென்சி பில் ஏன் கூடுகிறது?

ஏஜென்சி பில்லில் நான்கு விடயங்கள் சேர்ந்திருக்கும்: ஒயில், பாகங்கள், கூலி, வரி. 2022இல் ரூபாய் விழுந்தபோது, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ரூபாய் வரை ஏறியது. இறக்குமதியாகும் பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் பழைய வண்டியையே பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டிய நிலை பலருக்கு.

பாகத்தின் விலை எங்கே வாங்கினாலும் பெரிதாக மாறாது. மாறுவது கூலியும், போய்வரும் செலவும், அன்றைக்கு இழக்கும் ஹயரும்தான். அதனால் பில்லின் அடித்தொகையை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

3. ஒரு கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்குப் பழகுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மறுபடி கூட்டிப் பாருங்கள்.

ஏஜென்சியில்:
ஒயில் 2,800, பில்டர் 700, கூலி 2,500, போய்வரப் பெற்றோல் 600, அரை நாள் ஹயர் இழப்பு 2,000. மொத்தம் 8,600 ரூபாய்.

வீட்டில்:
ஒயில் 2,800, பில்டர் 700. சாவி செட்டுக்கு 6,000 கொடுத்து, அதை 12 சேர்விஸுக்குப் பயன்படுத்தினால் ஒரு தடவைக்கு 500. மொத்தம் 4,000 ரூபாய்.

மிச்சம் 4,600 ரூபாய். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏஜென்சியில் ஒயில் மாற்றும்போது பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பழகிய கண் ஒன்று பார்க்கும். வீட்டில் ஒயிலை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கை யாரும் பார்க்கவில்லை என்றால், அந்த 4,600 மிச்சமல்ல, பின்னால் கட்ட வேண்டிய கடன். அதிலிருந்து 1,500 எடுத்து ஊர்க் கராஜில் பிரேக்கைப் பரிசோதித்தால் மீதி 3,100. அதுதான் உண்மையான மிச்சம்.

4. நாமே செய்யக்கூடியவை

ஒயில்: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து அளவைப் பாருங்கள். எந்த ரகம், எவ்வளவு என்பது வண்டியோடு தந்த கைநூலில் இருக்கும். மலிவான ரகத்துக்கு மாற வேண்டாம். மிச்சம் பிடிக்க வேண்டியது கூலியில், ஒயிலில் அல்ல.

எயார் பில்டர்: ஸ்பொஞ்ச் வகையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு, கைநூல் சொன்னால் ஒயில் தடவிப் போடலாம். கடதாசி வகையைக் கழுவக்கூடாது; தட்டிப் போடுங்கள், நனைந்திருந்தால் மாற்றுங்கள்.

பிளக்: கழற்றிக் கரியைத் துடைத்து, கைநூல் சொல்லும் இடைவெளியை வைத்துப் பூட்டுங்கள்.

பற்றரி: கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். முனையில் வெள்ளைப் பூப்பு இருந்தால் அப்பச்சோடா கலந்த வெந்நீரால் கழுவி, காய்ந்தபின் வாசிலின் பூசுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் பற்றரித் தண்ணீர் மட்டும். பீலித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வேண்டாம்.

டயர்: காலையில், ஓடுவதற்கு முன் காற்றைப் பாருங்கள்.

கேபிள்கள், விளக்குகள், வைப்பர், ஹோர்ன்: வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் போதும்.

வடித்த பழைய ஒயிலைக் கானிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். மேல் லயத்தில் ஊற்றினால் கீழ் லயத்துக் குடிதண்ணீரில் வரும். மூடியுள்ள கலனில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள்.

5. கராஜில் கொடுக்க வேண்டியவை

பிரேக் முதலாவது. வட்டவளை இலங்கையில் மழை மிகவும் அதிகமான இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ரகப் புது ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். ஹட்டனிலிருந்து வட்டவளை வழியாகக் கினிகத்தேனைக்கு இறங்கும் ஏ7 வீதியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ட்ரம் சூடாகும். ஒயில் கொதித்துக் குமிழி வந்தால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதும் இதே ஆபத்தைத்தான் தரும். சின்ன கியரில் இறங்குங்கள்.

பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், ஸ்டியரிங், துருப்பிடித்த செஸி வெல்டிங் ஆகியவற்றை அனுபவமுள்ள கராஜ் பாஸிடம் கொடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியின் ட்ரம்களைக் கட்டாயம் திறந்து சேறு எடுக்க வேண்டும்.

6. ஏஜென்சிக்குத்தான் போக வேண்டியவை

உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை வெளியில் பிரித்தால் உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம். இலவச சேர்விஸ் என்பது பெரும்பாலும் கூலி இலவசம் என்றுதான் பொருள். ஒயிலுக்குக் காசு உண்டு. ஒவ்வொரு தடவையும் சேர்விஸ் புத்தகத்தில் முத்திரை வாங்குங்கள். முகாமில் இருந்ததால் ஒரு சேர்விஸ் தவறியிருந்தால், கிராம உத்தியோகத்தரிடம் இடம்பெயர்ந்ததற்கான கடிதம் வாங்கிக் கொண்டுபோய்ப் பேசிப் பாருங்கள்.

7. எங்கே கொடுத்தாலும் கேட்க வேண்டியவை

• வேலை தொடங்க முன் மதிப்பீட்டை எழுதித் தரச் சொல்லுங்கள்.
• பாகம் ஒரிஜினலா, வேறு தயாரிப்பா, பாவித்ததா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.
• கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள்.
• பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனித் தொகை கேளுங்கள்.

ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். எழுத்து மூல முறைப்பாட்டை 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாமல் முறைப்பாட்டை நிரூபிப்பது கடினம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் வண்டிக்குக் கடைசியாக ஒயில் மாற்றியது எப்போது? பிரேக்கைப் பார்த்தது எப்போது?
2. கடைசி பில்லில் பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு?
3. ஒவ்வொரு நாள் ஹயரிலிருந்தும் பிரேக்குக்கென்று எவ்வளவு ஒதுக்கி வைக்கலாம்?

விடைகளை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வண்டியிலேயே வையுங்கள். வீட்டில் யார் வண்டியை எடுத்தாலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும்.