சென்னையிலிருந்து கொழும்பு: விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம், வீட்டுக்கு எவ்வளவு?

நாடு திரும்புவதற்கான விமானச்சீட்டு கையில் கிடைத்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும்தான். சென்னையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் என்றிருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஊரிலுள்ள உறவினருக்கு "பின்னேரம் வந்துவிடுவோம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 650 கிலோமீற்றர். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால் 50 நிமிடம்கூட ஆகாது. ஆனால் சீட்டில் உள்ள நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுபக்கம் நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்வது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதற்குள் அடங்கும். கடிகாரத்தை மாற்றத் தேவையில்லை. இரு நாடுகளிலும் ஒரே நேரம்தான். 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் முந்தியிருந்தது. அதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லிவையுங்கள்.

ஒரு வரைபடத்தில் சென்னைக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையே கோடு இழுத்துப் பாருங்கள். அது யாழ்ப்பாணத்துக்கு மேலாகவும் மன்னாருக்குப் பக்கத்தாலும் போகும். அதாவது வடக்கே போகவேண்டியவர்கள் தங்கள் ஊரைக் கடந்து தெற்கே இறங்கி, மறுபடி தரைவழியே வடக்கு நோக்கி வரவேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதியால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். மண்டபம் முகாமிலிருந்து மன்னாருக்குத் திரும்புபவர்களின் நிலை இன்னும் வேடிக்கையானது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீற்றர்தான். சென்னை வழியாக வந்தால் அவர்கள் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் சுற்றவேண்டும்.

பலாலி விமான நிலையம் 2019 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அங்கே சுமார் 355 கிலோமீற்றர். தூரம் பாதியளவுதான் என்றாலும் பறக்கும் நேரம் பாதியாவதில்லை. அங்கே விசிறி சுழலும் சிறிய விமானங்களே வந்துபோகின்றன. ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் ஆகும். பொதியின் எடை வரம்பு குறைவாக இருக்கலாம், சீட்டில் பாருங்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு இது ஒரு பகல் முழுவதையும் மிச்சப்படுத்தும். ஆகவே உங்களுக்குச் சீட்டு ஒழுங்கு செய்பவர்களிடம் எந்த விமான நிலையம் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கட்டுநாயக்க என்றால் கணக்கு இப்படி: விமானம் காலை 10 மணிக்கு என்றால் 7 மணிக்குச் சென்னை விமான நிலையத்தில் நிற்கவேண்டும். தொலைவிலுள்ள முகாமிலிருந்து அதற்கு முதல் நாளே புறப்படவேண்டும். பதினொன்றரைக்கு இறங்கினாலும் குடிவரவுப் பகுதியில் ஆவணங்களைப் பார்த்துப் பொதிகளை எடுத்து வெளியே வரப் பின்னேரம் ஆகலாம். கடவுச்சீட்டு இல்லாமல் தற்காலிகப் பயண ஆவணத்தில் வருபவர்களிடம் கூடுதலாக விசாரிப்பார்கள். அதன்பின் வடக்கே புறப்பட்டால் நடுச்சாமத்தில்தான் போய்ச் சேர்வீர்கள். அந்த நேரத்தில் சந்தியிலிருந்து கிராமத்துக்குப் பஸ் இராது. கைக்குழந்தை, முதியவர், நோயாளி இருந்தால் அன்றிரவு கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தங்கி விடியப் புறப்படுங்கள். தங்குமிடத்தைப் பயணத்துக்கு முன்பே பேசிவையுங்கள்.

பயண ஆவணம், வெளியேறும் அனுமதி, முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துகள் ஆகியவற்றைப் பெரிய பொதியில் போடாமல் கைப்பையில் வைத்திருங்கள். அழைக்க வருபவரிடம் சீட்டிலுள்ள நேரத்தை மட்டும் சொல்லாமல், விமான இலக்கத்தையும் சொல்லுங்கள்.